நாளைய கவலையும் நம்பிக்கையின் எல்லையும்

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடப்பட்டது. அடுத்த மாதமே, அதற்கு உதிரிபாகங்கள் வழங்கிவந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வேலைக்கு வந்திருந்த இளைஞர்களும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். பின்னாளில் நோக்கியா வளாகம் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறி மீண்டும் இயங்கியது. ஆலை மீண்டது, இடையில் கழிந்த ஆண்டுகள் தொழிலாளர்களுக்கு மீளவில்லை.

ஒரகடம் வரை ஆலைகள் பெருகிவிட்ட இன்றும், ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்ற கவலை, ஷிஃப்ட் முடிந்த பிறகும் தொழிலாளியின் கூடவே விடுதிக்கு வருகிறது.

பொருளியல் அறிஞர் ஃபிராங்க் நைட் 1921-இல் வெளியிட்ட நூலில், இடர் வேறு, நிச்சயமின்மை வேறு என்று பிரித்துக் காட்டினார். இடரைக் கணக்கிடலாம், ஆதலால் காப்பீடு செய்யலாம். நிச்சயமின்மை எந்தக் கணக்கிலும் அடங்காது. மனத்தை அரிக்கும் கவலை பெரும்பாலும் அங்கிருந்தே பிறக்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கை பேசுவதும் அந்த இடத்தில்தான்.

நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்ற இயேசுவின் போதனை, மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அன்றைய கலிலேயாவில் பெரும்பாலோர் உழவர்கள், மீனவர்கள், கூலியாட்கள். அதே அதிகாரத்தில் அவர் கற்றுத்தரும் ஜெபம், அன்றாட உணவைக் கேட்கிறது. தேவை உண்மையானது என்பதை அந்தப் போதனை மறுக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. உழைப்பைக் கைவிடவும் அது சொல்லவில்லை. கவலை வேண்டாம் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், கூடாரம் செய்து பிழைத்தவர்.

வேலை இழந்தவரை வருமான இழப்போடு, தாம் தேவையற்றவர் என்ற எண்ணமும் வாட்டுகிறது. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உவமை இதற்கு விடை தருகிறது. மாலை வரை யாரும் அழைக்காமல் சந்தைவெளியில் நின்றவர்களுக்கும் தோட்டக்காரர் முழு நாள் கூலி கொடுக்கிறார். மனிதனின் மதிப்பு ஆலையின் அடையாள அட்டையில் இல்லை என்று நம்புகிறவர், மறுநாள் வேறொரு வாசலைத் தட்டும் தெம்பைப் பெறுகிறார்.

ஆனால், நம்பிக்கையை இழப்பீட்டுக்கு மாற்றாக்கக் கூடாது. ஒருவர் சுமையை மற்றவர் தாங்க வேண்டும் என்பதும் பவுலின் போதனையே. வேலை இழந்த குடும்பத்தின் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் பகிர்ந்துகொள்ளும் திருச்சபையில்தான், கவலை வேண்டாம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டாளர்களுக்காக 2018-இல் வேலையின்மை உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. 2020-இல் அந்த உதவி, அதிகபட்சம் 90 நாள்களுக்குச் சராசரி ஊதியத்தில் பாதி என உயர்த்தப்பட்டது. இத்தகைய ஏற்பாடுகளைத் தொழிலாளர்களிடம் கொண்டுசேர்ப்பதும் ஊழியமே.

இடரைச் சட்டமும் காப்பீடும் சுமக்க வேண்டும். அதற்கு அப்பால் எஞ்சும் நிச்சயமின்மையைத் தாங்கவே நம்பிக்கை. முன்னதை மறுத்துவிட்டுப் பின்னதை மட்டும் போதிப்பது, பசித்தவனுக்குப் பொறுமையைப் பரிமாறுவதாகும்.