கைமாறும் இறுவட்டு

வீடியோ விளையாட்டைப் பற்றி இலக்கியப் பக்கத்திலே எழுதுவதா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சினிமாவைக் கலையென்று ஒப்புக்கொள்வதற்கும் படித்தவர்களுக்குச் சில காலம் பிடித்தது. கதை, ஓவியம், இசை ஆகிய மூன்றும் கூடி, பார்ப்பவனையே பாத்திரமாக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புதுக்கலை நம் காலத்திலே தோன்றி வளர்ந்திருக்கிறது. அதைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அதன் விலையை ஒரு முறை கேட்டவர் எவரும் அதைப் பிள்ளை விளையாட்டென்று சொல்லத் துணியமாட்டார்!

நான் மடுல்சீமைத் தோட்டமொன்றிலே பிறந்து, லயத்திலே வளர்ந்தவன். கொழும்பிலே கடைச் சிப்பந்தியாகச் சில ஆண்டுகள் இருந்துவிட்டு மீண்டும் மலைக்கே வந்து சேர்ந்தவன். இருபதாண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் கருவிகளிலே பழகி வருகிறேன். அந்தப் பழக்கத்தால் எனக்குத் தெளிவான உண்மை ஒன்றுண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கலையைத் தந்தது அதைச் செய்த கம்பனிகளின் தாராளமன்று. ஒருவர் ஆடி முடித்ததை மற்றொருவர் குறைந்த விலைக்கு வாங்கலாம் என்னும் எளிய வழக்கமே. அந்த வழக்கம் இன்று மெல்ல மெல்ல மறைந்து வருகிறது. அதனாலேயே இதை எழுதலானேன்.

எங்கள் மலைக்கு முதலிலே வந்து சேர்ந்தது ‘டீவீ கேம்’. ஜப்பானிலே நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15ஆந் திகதி ‘பமிகொம்’ என்னும் கருவியை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள் பிற்பாடு ஆசியாவெங்கும் பரவின. பதுளைக் கடைவீதியிலே எங்களுக்குக் கிடைத்தவை அந்த நகல்களே. ‘கெசட்’ என்று நாங்கள் வழங்கிய சிறு பெட்டியைக் கருவியின் தலையிலே செருக வேண்டும். ஆயிரக்கணக்கான விளையாட்டுக்கள் அடங்கியதென்று அதன் மேலே அச்சிட்டிருப்பார்கள். உள்ளே பார்த்தால் ஏழெட்டு விளையாட்டுக்களே பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். ஆயினும், அந்த ஏழெட்டுக்குள்ளே ‘சூப்பர் மேரியோ’வும் இருந்தது.

ஷிகேரு மியமோட்டோ 1985இலே படைத்த அந்த விளையாட்டு, ஒரு சொல்லும் பேசாமலே ஆடுபவனுக்குக் கற்பிக்கிறது. முதற் காட்சியிலே எதிரி ஒன்று மெதுவாக நடந்து வருகிறது. தாவினால் பிழைக்கிறோம், நின்றால் மடிகிறோம். அவ்வளவிலே விதி விளங்கிவிடுகிறது. எழுத்தறியாத என் பாட்டியுங்கூட இரண்டாம் ஆட்டத்திலே தாவக் கற்றுக்கொண்டார். சொல்லாமற் சொல்வதே நல்ல விளையாட்டுக்கு முதல் இலக்கணம் என்பது என் கருத்து.

அடுத்து வந்தது சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 2. 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஜப்பானிலே வெளியான இக்கருவி, உலகிலே ஏறக்குறைய 16 கோடி விற்பனையானது. அதிலே நான் ஆடியவற்றுள் இன்றும் நெஞ்சை விட்டகலாதது, பூமிட்டோ உவேடா 2005இலே தந்த ‘ஷேடோ ஒவ் த கொலோசஸ்’. இறந்துபோன ஒரு பெண்ணை உயிர்ப்பிக்க வேண்டி, இளைஞனொருவன் பதினாறு மலையுருவங்களைத் தேடிச் சென்று கொல்கிறான். வழித்துணை ஒரு குதிரை மட்டுமே. ஒவ்வோர் உருவமும் சரியும்போது வெற்றி முழக்கம் கேட்பதில்லை. துயரமான இசையே எழுகிறது. நாம் செய்வது சரிதானா என்னும் ஐயம் ஆடுபவன் மனத்திலே வளர்ந்துகொண்டே போகிறது. மற்றவன் செய்த பாவத்தைக் கதையிலே படிக்கலாம்; தன் கையாலேயே செய்து, பின் வருந்தச் செய்வது இந்தக் கலைக்கே உரிய ஆற்றலன்றோ? நான் அதை ஆடியது, எவரோ ஆடி விற்ற, விளிம்பிலே கீறல் விழுந்த ஓர் இறுவட்டிலே.

நிற்க. விலைக்கு வருவோம். 2024 செப்டெம்பரிலே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அக்காலத்திலே ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 300 ரூபா. பிளேஸ்டேஷன் 5க்கு வரும் பெரிய விளையாட்டொன்றின் அமெரிக்க விலை 70 டொலர். அதாவது 21,000 ரூபா. பதினைந்து நாட்களுக்கு மேல் கொழுந்து பறித்தால் ஒரு விளையாட்டு! கருவியோ 2020இலே வெளிவந்தபோது 499 டொலர். அதே கணக்கிலே பார்த்தால் நூற்றுப்பத்து நாட்களின் உழைப்பு. இறக்குமதித் தீர்வையும், 2024 ஜனவரி முதல் நூற்றுக்குப் பதினெட்டாக உயர்ந்த பெறுமதிசேர் வரியும், கடைக்காரர் இலாபமும் இன்னும் சேரவில்லை. 2022 மார்ச்சின் தொடக்கத்திலே 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டதையும் நாம் மறந்துவிடவில்லை.

ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பது எங்கள் தோட்டத்து வழக்கு. இந்தக் கணக்கை நான் சொல்லக் கேட்ட என் தாயார், “ஏன் தம்பி, பதினஞ்சு பேருக்கு மேல போட்டாத்தான் அந்தத் தட்டு ஒன்னு வருமா? அதத் திங்கவா முடியும்?” என்று கேட்டார். தின்ன முடியாதுதான். ஆனால், தீபாவளி முற்பணத்திலே கொஞ்சம் ஒதுக்கி, பதுளைக்குப் பஸ் ஏறிப் படம் பார்த்துவிட்டு வந்த தலைமுறை என் தாயாருடையது. படத்தையும் எவரும் தின்றதில்லை. உழைப்பவனுக்கு வயிறு மட்டுந்தான் உண்டென்று நினைப்பவர்கள் தோட்டத்துக்கு வெளியிலே இருக்கட்டும். உள்ளே இருக்கும் நாமும் அப்படி நினைக்க வேண்டுமா? கலை வேண்டும் என்பதிலே பிழையில்லை. அதற்குப் பதினைந்து நாட்களைக் கொடுக்காமலிருக்கும் வழியைத் தேடுவதே அறிவு.

அந்த வழிகள் மூன்றென்று நான் கண்டிருக்கிறேன்.

முதலாவது, பின்னே வருதல். புதுக் கருவி வந்த அன்றே வாங்குபவன் ஆசைக்கு விலை கொடுக்கிறான், பொருளுக்கன்று. பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013 நவம்பரிலே. பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரிலே. பலர் புதியதற்கு மாறியபோது பழையதைக் கழித்தார்கள். நான் அப்போதுதான் பழையதை வாங்கினேன். அதற்காக நான் சேர்ந்தது எங்கள் லயத்துப் பெண்கள் பிடித்து வந்த சீட்டு. பின்னே வருபவனுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. புதிதாக வரும் விளையாட்டுக்களிலே குற்றங்குறை மலிந்திருக்கும். ஓராண்டு கழிந்தால் அவை பெரும்பாலும் திருத்தப்பட்டிருக்கும். ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ என்னும் பெருங்காவியம் 2018 ஒக்டோபரிலே வந்தது. நான் ஆடியது மூன்றாண்டு கழித்து. அதன் குதிரைகள் எனக்காக மெதுவாக ஓடவில்லை. அதன் சூரிய அஸ்தமனம் மங்கிப் போகவுமில்லை.

இரண்டாவது, பார்த்து வாங்குதல். இறுவட்டை வெளிச்சத்திலே சாய்த்துப் பார்க்க வேண்டும். மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் தீங்கு செய்யா. நடுவளையத்திலே வெடிப்பு இருந்தால் தொடவே கூடாது. ஜப்பானிலிருந்து வரும் பழைய பிளேஸ்டேஷன் 2 கருவிகள் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் நாட்டு மின்சாரமோ 230 வோல்ட். முதுகுப்புறத்திலே எழுதியிருப்பதைப் படிக்காமற் சொருகினால் புகைதான் மிஞ்சும். அவற்றின் இறுவட்டுக்களும் ஒரு பிரதேசத்தது மற்றொரு பிரதேசத்துக் கருவியிலே ஓடா. பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றிலே இந்தத் தொல்லை இல்லை. எந்த நாட்டு இறுவட்டும் ஓடும்.

மூன்றாவதே தலையாயது: கைமாற்றுதல். நாங்கள் நால்வர், இருவர் மடுல்சீமையிலே, ஒருவர் பசறையிலே, ஒருவர் லுணுகலையிலே. ஆளுக்கோர் இறுவட்டு வாங்குவோம். பசறை பஸ் நிலையத்திலே சந்திக்கும்போது மாற்றிக்கொள்வோம். நான்கு பேரும் நான்கையும் ஆடி முடித்த பின் விற்றுவிடுவோம். 5000 ரூபாவுக்கு வாங்கி 4000 ரூபாவுக்கு விற்றால், நான்கு விளையாட்டுக்கு ஒருவன் கொடுத்தது ஆயிரம் ரூபா. ஒரு பேருக்குள்ளே அடங்கிவிடும் செலவு!

இதிலே படைத்தவனுக்கு நட்டமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. கடைகளிலே திருட்டுப் பிரதிகள் மலிவாகக் கிடைத்த காலத்தை நான் அறிவேன். அது வேறு; இது வேறு. திருட்டுப் பிரதியிலே ஒன்று நூறாகிறது. படைத்தவனுக்கு ஒரு சதமும் போய்ச் சேர்வதில்லை. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்பளிக்கிறது. கைமாற்றும் இறுவட்டோ என்றும் ஒன்றுதான். அதற்குரிய விலையைப் படைத்தவன் முதல் விற்பனையிலேயே பெற்றுவிட்டான். என் கையிலே இருக்கும்போது விற்றவன் கையிலே அது இல்லை. பழைய புத்தகத்தை விற்பதிலே உள்ள நியாயமே இதிலும் உள்ளது. விளையாட்டுக் கம்பனிகள் மலிந்த ஜப்பானிலேயே இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பழைய விளையாட்டுக்களை மறுவிற்பனை செய்வது சட்டத்துக்கு ஏற்றதே என்று அந்நீதிமன்றம் 2002 ஏப்ரல் 25ஆந் திகதி தீர்ப்பளித்தது.

நீதிமன்றம் தடுக்க மறுத்ததை இயந்திரம் தடுக்கலாமன்றோ? 2013இலே மைக்ரோசொப்ட் நிறுவனம், தன் புதிய எக்ஸ்பொக்ஸ் வன் கருவி இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கொரு முறை இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டுமென்றும், பழைய விளையாட்டுக்களை விற்பதற்குக் கட்டுப்பாடுண்டென்றும் அறிவித்தது. உலகெங்கும் ஆடுபவர்கள் கொதித்தெழுந்தார்கள்; ஜூன் 19ஆந் திகதி நிறுவனம் அதைக் கைவிட்டது. ஆனால், கதவால் வர முடியாதது ஜன்னலால் வந்தது. 2020இலே இறுவட்டு வாயில்லாத பிளேஸ்டேஷன் 5 ஒன்றும் சற்று மலிவான விலையிலே விற்பனைக்கு வந்தது. 2024 நவம்பரிலே வந்த விலையுயர்ந்த ‘புரோ’ வகையிலோ அந்த வாயே இல்லை. வேண்டுமானால் தனியே காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும். 2025 ஜூனிலே நின்டெண்டோ வெளியிட்ட ஸ்விட்ச் 2க்குரிய அட்டைகள் சிலவற்றுள்ளே விளையாட்டே இல்லை. திறவுகோல் மட்டுமே உண்டு. விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

இறக்குவதா? எங்கள் மலை மடிப்புக்களிலே கைத்தொலைபேசிக்கு அலைவரிசை கிடைப்பது மழையையும் மூடுபனியையும் பொறுத்தது. நூறு கிகாபைட்டை இறக்க எத்தனை இரவு, எத்தனை டேட்டா அட்டை! இன்னொரு தடையும் உண்டு. பிளேஸ்டேஷனின் இணையச் சேவைக்குரிய நாடுகளின் பட்டியலிலே, 2024இல் இலங்கை இடம்பெற்றிருக்கவில்லை. வேறு நாட்டான் என்று பெயர் கொடுத்து, அந்நாட்டுப் பரிசு அட்டையை இடைத்தரகரிடம் கூடுதல் விலைக்கு வாங்கி, அதன் பின்னரே நம்மவர் ஆட வேண்டியிருந்தது. வாங்கியதை விற்கவோ, தோழனிடம் கொடுக்கவோ வழியில்லை.

இணையத்தை முற்றாக வெறுப்பவனல்லேன். கனடாவிலே குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் ‘வெண்பா’ என்னும் விளையாட்டு 2023 ஜூலையிலே வெளிவந்தது. கிழிந்தும் அழிந்தும் போன தாயின் சமையற் குறிப்பேட்டைப் பார்த்து, விடுபட்ட படிகளை ஊகித்து, இட்டலியும் புட்டும் சமைக்க வேண்டும். டொரொன்டோவிலே ஒரு சிறு குழு செய்த அதற்கு 2024இலே பிரித்தானியாவின் பாஃப்டா விருது கிடைத்தது. விலை 15 டொலர். பெரிய விளையாட்டுக்களிலே கால்வாசிக்கும் குறைவு. நம் மொழியைத் திரையிலே கேட்டபோது அடைந்த மகிழ்ச்சிக்கு விலையே இல்லை. அச்சிட்டு விநியோகிக்கப் பணமில்லாத சிறு படைப்பாளிகளுக்கு இணையம் வரப்பிரசாதம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால், அந்த ‘வெண்பா’வை என் தாயாரின் அண்ணன் மகளுக்கு இரவல் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் என் குறை.

இறுவட்டு இருந்தால் எல்லாம் நிலைத்துவிடும் என்பதுமில்லை. 2014இலே வந்த ‘த குரூ’ என்னும் கார்ப்பந்தய விளையாட்டின் இணைய நிலையத்தை அதன் கம்பனி 2024 மார்ச்சு 31ஆந் திகதி மூடியது. அன்றோடு இறுவட்டு வைத்திருந்தவர்களின் விளையாட்டும் செத்தது. ஆகவே, இணையமின்றி ஓடுமா என்று கேட்டறிந்த பின்னரே எதையும் வாங்குக.

பின்லாந்து நாட்டுப் பொது நூலகங்களிலே புத்தகத்தைப் போலவே வீடியோ விளையாட்டுக்களையும் இரவல் கொடுக்கிறார்கள். 2018 டிசம்பரிலே ஹெல்சிங்கியிலே திறந்த ‘ஊடி’ நூலகத்திலே விளையாட்டுக் கருவிகளோடு கூடிய அறைகளும் உண்டு. அத்தகைய மாளிகை எங்களுக்கு வேண்டாம். தோட்டத்து வாசிகசாலைகளிலே ஒரு தட்டு ஒதுக்கி, ஆடி முடித்த இறுவட்டுக்களை அதிலே வைத்து, பெயரைக் குறித்துக்கொண்டு ஒரு வாரத்துக்குக் கொடுத்தாற் போதும். பத்துப் பேர் ஆளுக்கொன்று கொடுத்தால் ஒரு தோட்டத்துக்கே ஓராண்டுக்குப் போதும். ஆனால், தட்டிலே வைப்பதற்குக் கையிலே பிடிக்கக்கூடிய பொருளொன்று இருக்க வேண்டுமே! ஆதலால், கருவி வாங்கப் போகும் தம்பி தங்கையருக்கு நான் சொல்வது இவ்வளவே: சில ஆயிரம் ரூபா மிச்சமென்று இறுவட்டு வாயில்லாததை வாங்காதீர்கள். இன்று மிஞ்சும் காசைப் போலப் பன்மடங்கு நாளை உங்களிடமிருந்து போகும். உங்களுக்குப் பின்னே வரிசையிலே நிற்பவனுக்கோ ஒன்றுமே வந்து சேராது.