படகு எஞ்சினுக்கு மின்சாரப் பெட்ரோல் பம்பு

பெட்ரோலால் இயங்கும் படகை வைத்திருப்பவர்களும், அத்தகைய படகுகளைப் பழுது பார்க்கும் தொழிலாளரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றை இவ்வுரையில் எடுத்துக் கூற விழைகிறேன். நான் எந்திரக் கல்வி பெற்றவன் அல்லன். கலைத்துறையில் பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிபவன். கொச்சியில் வாழ்ந்த காலத்தில் இப்பொருளை அறியும் வாய்ப்பு எனக்கு நேர்ந்தது. அங்குள்ள படகுப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்து வந்த திருநெல்வேலி அன்பர் ஒருவர், ஒரு நாள் மாலை ஆங்கிலக் கையேடு ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். "ஐயா, இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் பொருள் சொல்லுங்கள்" என்று விரலால் தொட்டுக் காட்டினார். எஞ்சின் ஓடும்போதும், அதைக் கிளப்பும்போதும் அன்றி, மின்சாரப் பம்பு ஓடலாகாது என்பதே அதன் பொருள்.

அதைக் கேட்டதும் அவர் முகம் வாடிற்று. அன்று பகல்தான் பாய்மரப் படகு ஒன்றின் பழைய எஞ்சினுக்குப் புதிய பம்பைப் பொருத்திவிட்டு வந்திருந்தார். சாவியைத் திருப்பினால் பம்பு ஓடும்; சாவியை மூடினால் நிற்கும். "சாவிக்குக் கட்டுப்பட்டுத்தானே ஐயா ஓடுகிறது? இதில் என்ன குறை?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை காண இருவரும் இரவு வெகுநேரம் கையேட்டைப் புரட்டினோம். கண்ட விடை இதுதான்.

பெட்ரோல் தொட்டியிலிருந்து கார்புரேட்டருக்கு எரிபொருளைக் கொண்டு சேர்ப்பது பம்பின் வேலை. பழைய எஞ்சின்களில் இந்தப் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். 1947 முதல் 1984 வரை அமெரிக்காவில் செய்யப்பட்டு, பல்லாயிரம் பாய்மரப் படகுகளில் இடம்பெற்ற 'அடாமிக் ஃபோர்' என்னும் நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கூறலாம். எஞ்சின் சுழலச் சுழல, அதன் உள்ளிருக்கும் கேம் அச்சு ஒரு நெம்புகோலைத் தள்ளும்; நெம்புகோல் பம்பினுள் உள்ள சவ்வை ஏற்றி இறக்கும்; பெட்ரோல் மேலேறும். நாளடைவில் அச்சவ்வு நைந்து கிழிவதுண்டு. கிழிந்தால், பெட்ரோல் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யவும் கூடும். ஆகவே பலர் பழைய பம்பைக் கழற்றிவிட்டு மின்சாரப் பம்பைப் பொருத்துகிறார்கள். அதில் தவறில்லை.

ஆனால் பழைய பம்பிடம் ஒரு நற்குணம் இருந்தது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். மின்சாரப் பம்புக்கு அக்குணம் இயல்பாக இல்லை. சாவி திறந்திருக்கும்வரை அது ஓடிக்கொண்டேயிருக்கும். நடுவழியில் எஞ்சின் தானாக நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படகோட்டி சாவியை மறந்து, காரணம் தேடிக் கொண்டிருப்பார். அவ்வேளையில் ரப்பர்க் குழாய் ஒன்று விட்டுப்போயிருந்தாலும், கார்புரேட்டரின் மிதவை ஊசியில் தூசி சிக்கி அடைபடாமல் இருந்தாலும், பம்பு பெட்ரோலை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்.

தரையில் ஓடும் வண்டியில் ஒழுகும் பெட்ரோல் சாலையில் விழுந்து, காற்றோடு கலந்து பெரும்பாலும் கலைந்துவிடும். படகோ ஒரு கிண்ணம் போன்றது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் அது மேலே எழாமல் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை அந்த ஆவி கலந்திருந்தால், ஒரு சிறு பொறியே அதை வெடிக்கச் செய்யப் போதுமானது. எஞ்சினை மீண்டும் கிளப்புவதற்காக அழுத்தும் பொத்தானே அந்தப் பொறியைத் தரக்கூடும். இதனாலேயே, மேலே சொன்ன வாக்கியத்தின் கருத்து அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் படகுப் பாதுகாப்பு விதிகளிலும் கட்டளையாக இடம்பெற்றுள்ளது.

இனி, செய்ய வேண்டியது யாது? பம்பு சாவியைக் கேட்டு ஓடாமல், எஞ்சினைக் கேட்டு ஓடும்படி செய்தல் வேண்டும். எஞ்சின் ஓடுகிறதா என்பதை அறிய எளிய அடையாளம் எண்ணெய் அழுத்தம். எஞ்சின் சுழன்றால் எண்ணெய் அழுத்தம் எழும். நின்றால் சில நொடிகளில் வீழும். அழுத்தம் எழுந்தால் இணைந்து, வீழ்ந்தால் பிரியும் 'எண்ணெய் அழுத்த ஸ்விட்ச்' ஒன்றைச் சாவிக்கும் பம்புக்கும் இடையில் வைத்துவிட்டால் போதும். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. எண்ணெய் வற்றி அழுத்தம் குறைந்தால், பம்பு நின்று எஞ்சினும் நிற்கும். உள்ளுறுப்புகள் தேய்ந்து பாழாவது தவிர்க்கப்படும்.

ஆயின், எஞ்சினைக் கிளப்பும் நேரத்தில் எண்ணெய் அழுத்தம் இராதே, அப்போது பெட்ரோல் எங்ஙனம் வரும் என்ற ஐயம் எழும். இதற்காகவே மூன்று முனைகள் கொண்ட அழுத்த ஸ்விட்ச் உள்ளது. ஒரு முனை பம்புக்கு, ஒன்று சாவிக்கு, மற்றொன்று, ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் மின்சாரம் பெறும் கம்பிக்கு. அழுத்தம் இல்லாதபோது பம்பு ஸ்டார்ட்டர்க் கம்பியோடு இணைந்திருக்கும். அழுத்தம் எழுந்ததும் அதை விட்டுச் சாவிக் கம்பிக்கு மாறிவிடும். இரண்டு முனை ஸ்விட்சை வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டர்க் கம்பியையும் பம்போடு நேரே முடிந்துவிடுவது பெரும் பிழை. எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மின்சாரம் பம்பின் வழியே பின்னோக்கிச் சென்று ஸ்டார்ட்டரை விடாமல் இயக்கக்கூடும். கார்புரேட்டர் வறண்டிருக்கும்போது நிரப்புவதற்குத் தனிப் பொத்தான் வேண்டுமென்றால், விரலை எடுத்ததும் தானே விடுபடும் வகையையே வைக்க வேண்டும்.

பம்பைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. பொறி வெளிப்படாதவாறு படகுக்கென்றே செய்யப்பட்ட பம்பாக அது இருத்தல் வேண்டும். பழைய கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 2 முதல் 4 பவுண்டு அழுத்தமே போதும். புதிய கார் எஞ்சின்களுக்குரிய உயர் அழுத்தப் பம்பைப் பொருத்தினால், மிதவை ஊசி தாங்காமல் பெட்ரோல் பொங்கி வழியும்.

வேலையைத் தொடங்குமுன் படகின் மூடிகளைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குக. அதன்பின், பாட்டரியின் நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றுக. பல மெல்லிழைகளால் ஆன, ஈயம் பூசிய செம்புக் கம்பியையே பயன்படுத்துக. ஒற்றைக் கம்பி எஞ்சினின் அதிர்வால் ஒடிந்துவிடும். முறுக்கி நாடா சுற்றும் இணைப்பு கடற்காற்றில் நெடுநாள் நில்லாது; உரிய கருவியால் நசுக்கிப் பொருத்தும் முனைகளே நன்று. மின்சாரம் புறப்படும் இடத்துக்கு மிக அருகிலேயே, பம்பு செய்தவர்கள் குறித்துள்ள அளவில் பியூஸ் இருக்க வேண்டும். கம்பியை அடிப்பள்ளத்து நீருக்கு மேலாகவும், புகைக்குழாயின் சூட்டுக்கு விலகியும் கொண்டுசென்று, முழத்துக்கு ஒரு பிடிப்பாகக் கட்டுக.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை செய்தல் வேண்டும். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிப் பம்பின்மேல் கை வைத்துப் பாருங்கள். பம்பு அசைவற்று இருக்க வேண்டும். துடித்தால், இணைப்பில் பிழை உண்டு. அல்லது ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாதம் ஒரு முறையேனும் இச்சோதனையைச் செய்து வருதல் நலம். மேலும், ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் கிளப்புமுன் காற்று வெளியேற்றும் விசிறியை 4 நிமிடங்களாவது ஓடவிட்டு, எஞ்சின் அறையை முகர்ந்து பார்த்தல் வேண்டும். பெட்ரோல் வாடை வீசினால் எந்தப் பொத்தானையும் தொடலாகாது.

நம் நாட்டு மீன்பிடி விசைப்படகுகளில் பெரும்பாலானவை டீசலால் ஓடுபவை. டீசல் எளிதில் ஆவியாகி இவ்வாறு வெடிப்பதில்லை. ஆயினும், துறைமுக நகரங்களில் பெட்ரோல் படகுகளைப் பழுது பார்க்கும் வேலை நம்மவர் கைக்கும் வரக்கூடும். கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டால், விலை கொடுப்பது ஓர் உயிராகவும் இருக்கலாம்.

மறுநாள் விடிவதற்குள் அந்த அன்பர் துறைக்குச் சென்றார். சொந்தக்காரர் வருமுன் பம்பின் இணைப்பைப் பிரித்துப்போட்டார். மூன்று முனை ஸ்விட்ச் கிடைக்கப் பத்து நாள் ஆயிற்று; அதுவரை படகு அசையவில்லை. சொந்தக்காரர் கடிந்துகொண்டாராம். "கடிந்துகொள்ள ஆள் இருக்கிறாரே ஐயா, அதுவே போதும்" என்றார் அவர்.