ஓசூரில் ஒரு பிரபுவின் கோட்டை

பிரபுக்கள் என்ற சொல்லைக் கேட்டதும் ஆங்கிலம் படித்த நம்மவரில் சிலருக்கு ஒருவித மயக்கம் உண்டாகிறது. மற்றும் சிலருக்கு வெறுப்பு உண்டாகிறது. இரண்டும் விஷயத்தை அறிய உதவா. ஐரோப்பிய சரித்திரத்தில் பிரபு வம்சத்தார் வகித்த ஸ்தானம் யாது, அவர்களால் நாடகக் கலை அடைந்த லாபம் யாது என்று அறிய விரும்பும் நேயர்கள் சீமைக்குப் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை. கர்நாடக எல்லையோரத்தில், ஆலைகளுக்கு நடுவே இருக்கும் நமது ஓசூரிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்கலாம்.

ஓசூர்ப் பழைய கோட்டையில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த பிரெட் துரை ஒரு மாளிகை கட்டினார். அதற்குக் கெனில்வொர்த் மாளிகை என்று பெயர். இங்கிலாந்தில் வார்விக்ஷையரிலுள்ள கெனில்வொர்த் கோட்டையின் சாயலில் அது எழுப்பப்பட்டது. கோட்டையில் வாழ்வதானால்தான் மணப்பேன் என்று ஓர் ஆங்கிலப் பெண் நிபந்தனை விதித்தாள் என்றும், அதற்காகவே துரை இதைக் கட்டினார் என்றும் ஊரில் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, மாளிகை சிதைந்து போயிற்று. ஆனால் அவர் முன்மாதிரியாகக் கொண்ட அசல் கோட்டையின் வரலாறு, பிரபுக்களின் வரலாறு முழுவதையும் ஒரே இடத்தில் அடக்கியிருக்கிறது.

அந்தக் கோட்டை ஒரு காலத்தில் ஸைமன் டி மான்ட்போர்ட் என்ற பிரபுவின் வசமிருந்தது. அரசனை எதிர்த்துப் போரிட்டு, 1265இல் கிராமாந்தரப் பிரதிநிதிகளோடு நகரத்தார் பிரதிநிதிகளையும் பார்லிமெண்டுக்கு அழைத்தவர் அவரே. அதே ஆண்டில் போர்க்களத்தில் அவர் மாண்டார். அவருடைய கட்சியார் மறு ஆண்டு இந்தக் கோட்டைக்குள் இருந்துகொண்டு பல மாதம் முற்றுகையைத் தாங்கினர். பிரபுக்கள் குடிகளின் நலத்துக்காகவே வாளெடுத்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. தங்கள் உரிமைக்காக எடுத்தார்கள். அதன் பயன் பின்னால் பிறருக்கும் கிடைத்தது. 1327இல் இரண்டாம் எட்வர்டு அரசன் முடி துறக்க இசைந்ததும் இந்தக் கோட்டையில் சிறைப்பட்டிருந்தபோதுதான். பிற்காலத்தில் மார்லோ என்ற கவி அதையே சோக நாடகமாக்கினார். 1594இல் அச்சேறிய அந்நாடகத்தில், பிரபுக்களின் கோபமும் அரசனின் பலவீனமும் எதிரெதிரே நிறுத்தப்பட்டிருக்கின்றன. எவர் பக்கம் நியாயம் என்று கவி சுலபத்தில் சொல்லிவிடுவதில்லை.

எலிஸபெத் ராணியின் காலத்தில் கோட்டை லெஸ்டர் பிரபுவாகிய ராபர்ட் டட்லியின் கைக்கு வந்தது. 1575ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராணி அங்கே 19 நாள் விருந்தாளியாகத் தங்கினாள். வாண வேடிக்கை, ஆட்டம், பாட்டு, நீர்மேல் காட்சிகள் என்று பிரபு பணத்தை வாரி இறைத்தார். ராணியை மணக்க வேண்டுமென்ற ஆசை அவருக்கு நெடுநாளாக உண்டு. அதைக் குறிப்பாக உணர்த்த ஒரு நாடகம் எழுதுவிக்கப்பட்டிருந்தது. வானிலை சரியில்லை என்று அது நடைபெறாமலே போயிற்று! ராணியும் மணக்கவில்லை. ஓசூர்க் கதை மெய்யாயின், மணம் பெறுவதற்காகக் கோட்டை கட்டிய துரை, மணம் பெறாத பிரபுவின் கோட்டையையா மாதிரியாகக் கொள்ள வேண்டும்?

இந்த விருந்தைவிட முக்கியமானது சட்டம். 1572இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு நாடோடிகளைத் தண்டிக்க ஒரு சட்டம் செய்தது. யாதொரு பிரபுவையும் சேராத நடிகன் அதன்படி நாடோடியாவான், கசையடிக்கு ஆளாவான். ஆகவே நடிகர்கள் பிரபுக்களின் நிழலைத் தேடினர். லெஸ்டர் பிரபுவின் நடிகர்களுக்கு 1574இல் ராணியின் சாசனமே கிடைத்தது. அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பர்பேஜ் 1576இல் லண்டனுக்கு வெளியே நிரந்தரமான நாடகசாலை ஒன்றைக் கட்டினார். நின்று பார்ப்போர் ஒரு பென்னி கொடுத்து உள்ளே போனார்கள். இதை நேயர்கள் கவனிக்க வேண்டும்: நடிகனின் அன்றாடச் சோறு பெரும்பாலும் தச்சனும் தையற்காரனும் தந்த காசிலிருந்து வந்தது. பிரபு தந்தது பெயரும் பாதுகாப்புமே. ஷேக்ஸ்பியரின் குழுவும் ஒரு பிரபுவின் பெயரால்தான் நடமாடிற்று.

அந்தப் பாதுகாப்புக்குக் கைம்மாறாக நாடகம் பிரபுக்களைப் புகழ்ந்துகொண்டே இருந்ததா? இல்லை. அவர்களுடைய பேராசை, துரோகம், குலப்பகை அனைத்தையும் மேடையேற்றி, ஒரு பென்னி கொடுத்தவன் முன் நிறுத்திற்று. பிரான்சு தேசத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எஜமானனை வேலைக்காரன் புத்தியால் வெல்லும் பிகாரோவின் நாடகத்தை அரசன் தடுத்துப் பார்த்தான். 1784இல் அது அரங்கேறியபோது, தங்களையே பரிகசிக்கும் நாடகத்தைப் பார்க்கப் பிரபுக்களே முண்டியடித்துக்கொண்டு சென்றனர். ஐந்து ஆண்டுகளில் அவர்களுடைய விசேஷ உரிமைகள் ஒழிந்தன.

பிரெட் துரை சீமையிலிருந்து கொண்டுவந்தது சுவரின் சாயலை மட்டுமே. அவருக்கு முன்னிருந்த கும்பினியாரும் அப்படித்தான் செய்தார்கள். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் அவர்கள் வசமானது. ரீடும் மன்றோவும் அங்கே இடைத்தரகரின்றி ரயத்துகளிடமே நேராக வரி வசூலிக்க முயன்றனர். பிறகு சர்க்கார் மனம் மாறி, நிலத்தை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் போட்டது. ஏலத்தில் எடுத்தவர் மிட்டாதார் ஆனார். ஏலத்தில் பிறந்த பிரபுவிடம் அரசனைத் தட்டிக் கேட்கும் துணிவை எவரே எதிர்பார்ப்பர்? இதே ஓசூர் தாலூகாவின் தொரப்பள்ளியில் 1878இல் கிராம முன்சீபின் குமாரராகப் பிறந்தவர் ராஜாஜி. 1948 ஜூனில் மவுண்ட்பேட்டன் பிரபு விட்டுச் சென்ற ஆசனத்தில் அமர்ந்தவர் அவரே.

ஆனால் கிருஷ்ணகிரிச் சீமைக்கு நாடகம் இல்லாமல் இல்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதப் பிரசங்கமும், இரவில் தெருக்கூத்தும் நடக்கும். தலைக்கட்டு வரி போட்டு ஊராரே செலவைச் சுமப்பார்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் தரித்துத் துரியோதன மகாராஜன் திரைக்குப் பின்னிருந்து வருகிறான். கட்டியங் கூற வேண்டிய கட்டியக்காரனோ, அவனை நீ யார், எந்த ஊர், உன் பராக்கிரமம் என்ன என்று குடைந்து குடைந்து கேட்கிறான். ராஜன் பதில் சொல்லியே தீர வேண்டும். கடைசி நாளில் படுகளத்தில் அதே துரியோதனன் மண்ணுருவாய்த் தரையில் கிடக்கிறான். பிகாரோவின் வேலையை எந்தப் பிரபுவின் நிழலுமின்றி நம் கட்டியக்காரன் செய்து வந்திருக்கிறான்.

அவனுக்கு இன்று நிழல் வேண்டியிருக்கிறது. மூன்று ஷிப்டுகள் ஓடும் ஆலையில் வேலை பார்ப்பவன் விடிய விடியக் கூத்தாடிவிட்டு எப்படிக் காலையில் இயந்திரத்தின் முன் நிற்பான்? ஓசூரின் புதிய பிரபுக்கள் ஆலை முதலாளிகளே. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைப் பொதுநலத்துக்குச் செலவிடச் சொல்கிறது. அதற்கான பட்டியலில் பாரம்பரியக் கலைகளும் உள்ளன. பணம் கொடுத்து மேடைக்குப் பின்னால் தங்கள் விளம்பரத் துணியைக் கட்டுவதைவிட, கூத்தாடும் தொழிலாளிக்குத் திருவிழா நாட்களில் சம்பளத்தோடு லீவு கொடுப்பது மேல் என்பது நமது அபிப்பிராயம்.

லீவு கிடைத்தாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியும் வாத்தியமும் கூடாது. மாநில சர்க்கார் வருஷத்தில் 15 நாள் வரை தளர்த்தலாம். அதுவும் நள்ளிரவு 12 மணி மட்டும்தான். நோயாளிக்கும் குழந்தைக்கும் தூக்கம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், திரௌபதி சபதம் முடியுமுன் மிருதங்கத்தை மூடி வைக்க வேண்டும். போலீஸார் கண்டும் காணாமல் இருக்கும்வரைதான் விடியும்வரை ஆட்டம்; 1572இல் ஆங்கில நடிகன் நின்ற நிலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஒலிபெருக்கி வேண்டாம், மிருதங்கமும் முகவீணையும் மட்டும் போதும் என்று ஒப்புக்கொள்ளும் ஊர்களுக்காவது, பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில் விலக்கு அளிக்கும்படி விதியைத் திருத்த வேண்டும். இது மத்திய சர்க்காரின் விதி. கிருஷ்ணகிரித் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர் இதை எழுப்பலாம்.