குகைக்குப் போனதை டாக்டரிடம் சொன்னீர்களா?

“மாமா, இருட்டுக் குகைக்குள்ள வர்றீங்களா, இல்ல பயமா இருக்கா?”

அக்கா மகன் சீண்டினான். 2017-ல் குடும்பத்தோடு மலேசியா போயிருந்தோம். 272 படி ஏறி பத்துமலை முருகனைத் தரிசித்துவிட்டு, இறங்குகிற வழியில் ஒதுங்கினாற்போல் இன்னொரு குகை. ஹெல்மெட்டும் டார்ச் லைட்டும் கையில் கொடுத்து, வழிகாட்டியோடு முக்கால் மணி நேரம் உள்ளே கூட்டிப் போய் வருவார்கள். (2019-ல் இந்தச் சுற்றை நிறுத்திவிட்டார்கள்.)

பயம் என்று ஒப்புக்கொள்ள முடியுமா? போனேன்.

கண்ணுக்கு முன்னால் மூக்குதான் விழித்துக்கொண்டது. அமோனியா நெடி! தரையெல்லாம் வௌவால் எச்சம். அதைத் தின்று வாழும் கரப்பான்கள், அந்தக் கரப்பான்களைத் தின்னக் காத்திருக்கும் நீளக்கால் பூரான்கள். நடுவில் ஓரிடத்தில் “எல்லாரும் லைட்டை அணைங்க” என்றார் வழிகாட்டி. அணைத்தோம். முகத்துக்கு நேரே நீட்டிய என் கை எனக்கே தெரியவில்லை. தலைக்கு மேலே மட்டும் ஓயாத கீச்சுச் சத்தம். என் வீட்டுக்காரி என் சட்டையைப் பிடித்த பிடி, வெளியே வந்த பிறகுதான் தளர்ந்தது.

அந்த வழிகாட்டி ரொம்பக் கண்டிப்பு. பாதையை விட்டு இறங்கக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது, மேலே லைட் அடிக்கக் கூடாது. ‘என்னடா இது, பள்ளிக்கூடம் மாதிரி’ என்று அப்போது அலுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் கடைத்தெருவுக்குப் போக, அவன் மட்டும் அங்கே வேலை பார்க்கும் நண்பர்களோடு வேறொரு குகைக்குப் போயிருக்கிறான். பெயர் வேண்டாம். வழிகாட்டி கிடையாது. காய்ந்து பொடியாகக் கிடந்த எச்சத்தில் ஓடிப் பிடித்து விளையாடி, உட்கார்ந்து போட்டோ எடுத்து, பிஸ்கெட்டும் தின்றிருக்கிறார்கள். எங்களிடம் மூச்சு விடவில்லை.

குகைக்குப் போன பதினோராம் நாள், ஊரில், அவனுக்குக் காய்ச்சல். வறட்டு இருமல், உடம்பு வலி, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்து. ‘சளிக் காய்ச்சல்தானே, ஊர்த் தண்ணீர் மாறியது’ என்று நிலவேம்புக் குடிநீர் கொடுத்தேன். பிறகு ஆடாதோடை மணப்பாகு, தாளிசாதி சூரணம். இரண்டு வாரம் ஓடிவிட்டது. எடை குறைந்ததுதான் மிச்சம்.

எக்ஸ்ரே எடுத்தால், இரண்டு நுரையீரலிலும் பொட்டுப் பொட்டாக. டி.பி.யாக இருக்குமோ என்று சளியை மூன்று முறை சோதித்தார்கள். கிருமி இல்லை. அக்கா அழுது தீர்த்தாள். கடைசியில் நெஞ்சு நோய் டாக்டர்தான் கேட்டார்: “தம்பி, ஒரு மாசத்துக்குள்ள எங்கேயாவது வெளியூர் போனியா?” அவன் செல்போனை எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டினான்.

நாடி பிடித்தேன், நாக்கைப் பார்த்தேன். இந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அவனோடு சேர்ந்து ஊர் சுற்றிய எனக்கே தோன்றவில்லை, பாருங்கள்!

சோதனைகளில் அது ‘ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ்’ என்று தெரிந்தது. வௌவால் எச்சமும் பறவை எச்சமும் சேர்ந்த மண்ணில் வளரும் ஒரு பூஞ்சைக் காளான். மண்ணைக் கிளறினால் அதன் வித்துகள் தூசியோடு பறந்து, மூச்சு வழியாக நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 3 முதல் 17 நாளுக்குள் தொல்லை தெரியும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. இது ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 1954-லேயே கல்கத்தாவில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

பெரும்பாலோருக்கு இது வந்த சுவடே தெரியாமல் போய்விடும். சிலருக்குச் சளிக் காய்ச்சல்போல வந்து தானே அடங்கும். ஆனால் தூசியை நிறைய இழுத்தவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அப்படியில்லை. உயிருக்கே உலை வைக்கும். இளைப்புக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், கைக்குழந்தைகள் இந்த மாதிரிக் குகைக்குள் போகவே வேண்டாம். வாசலில் உட்கார்ந்து இளநீர் குடியுங்கள்.

எங்கள் பையனுக்குத் தொந்தரவு ஒரு மாதம் தாண்டியதால் இட்ரகொனசோல் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். தேறிவிட்டான். இதற்குக் கஷாயம் இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். நெஞ்சு நோய் டாக்டரிடம் போங்கள், போனதும் ‘குகைக்குப் போனேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டு வௌவால் குகை ஒன்றைப் பார்க்கப் போன டச்சுப் பெண்மணி ஒருவர், 2008-ல் மார்பர்க் என்ற வைரஸ் காய்ச்சலில் இறந்தே போனார். அதே குகைக்குச் சில மாதம் முன்பு போன ஓர் அமெரிக்கப் பெண்மணி பிழைத்தார். என்ன நோய் என்பது அவர் தேறி வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

போகத்தான் வேண்டும் என்றால், வழிகாட்டி உள்ள குகைக்குப் போங்கள். கொரோனா காலத்தில் வாங்கினோமே என்-95 முகக்கவசம், அது வேண்டும். கைக்குட்டையோ முந்தானையோ இந்தத் தூசியைத் தடுக்காது. உள்ளே எதையும் தின்னாதீர்கள். வந்ததும் துணியை உதறாமல் பையில் கட்டி, தனியாகத் துவையுங்கள். கீழே கிடக்கும் வௌவாலைப் பரிதாபப்பட்டுக் கையால் எடுக்காதீர்கள். அதன் பல் பட்ட இடம் கண்ணுக்குக்கூடத் தெரியாது. பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

நம்மூரிலும்தான் பாழடைந்த மண்டபம், பழைய கோழிக்கூடு, புறாக் கூண்டெல்லாம் இருக்கிறதே? அவற்றைப் பெருக்குமுன் நன்றாகத் தண்ணீர் தெளியுங்கள். முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சங்கடமான விஷயம். “வௌவால் கறி தின்னா ஆஸ்துமா போகுமாமே?” என்று இன்னமும் என்னிடம் கேட்கிறார்கள். போகாது. பிடித்து அறுக்கிறவர் கைக்கு ஆபத்து வருவதுதான் நிச்சயம். இருமலுக்கு வேலியோர ஆடாதோடை இருக்க, மரத்தில் தூங்குகிறதை ஏன் அடிக்க வேண்டும்? மலேசியாக்காரர்கள் உயிராக நினைக்கும் டுரியான் பழத்தைக் கேளுங்கள். அந்த மரத்தின் பூவில் ராத்திரி தேன் குடித்து மகரந்தம் சேர்ப்பதில், குகையில் தங்கும் தேன் வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு.

பையன் போன மாதம் வந்திருந்தான். ஏதோ மலைக்குப் போகிறார்களாம். “மாமா, மாஸ்க் ஆறு வாங்கிட்டேன்” என்றான். அக்கா அவனையும் என்னையும் சேர்த்து முறைத்தாள்.