பளு தூக்குதலும் உடல் உயரமும்

“பளு தூக்கினால் பையன் வளரமாட்டான்” என்பது நம் வீடுகளில் பெரியோர் பலர் கூறும் சொல். உடற்பயிற்சிக் கூடம் செல்ல விரும்பும் மைந்தனை அன்னை தடுப்பதும் இவ்வச்சத்தினாலேயே. இக்கூற்று உண்மையோ என ஆராய்வோம்.

முதற்கண், நாம் எவ்வாறு உயர்கின்றோம் என்பதை அறிதல் வேண்டும். கை கால்களிலுள்ள நீண்ட எலும்புகளின் முனையருகே குருத்தெலும்பாலாகிய மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதனை வளர்ச்சித் தட்டு என்பர். அதிலுள்ள உயிரணுக்கள் பெருகிப் பழையன எலும்பாக இறுக இறுக, எலும்பு நீளும். தென்னை தன் குருத்திலிருந்து வளர்வது போல, எலும்பும் நடுவில் நீளாது முனைப்புறத்திலேயே நீளுகின்றது. பருவமடைதல் நிறைவுறுங்கால் ஹார்மோன்கள் இத்தட்டை முழுதும் எலும்பாக்கி மூடிவிடும். பெண்களுக்கு ஏறக்குறைய 14, 15 வயதிலும், ஆண்களுக்கு 16, 17 வயதிலும் இது நிகழும். சிலர்க்கு முன்பின்னாதலும் உண்டு. ஒருவர் எவ்வளவு உயர்வார் என்பதைப் பெரும்பாலும் மரபே வரையறுக்கின்றது. எஞ்சியதை உணவும் உடல்நலமும் முடிவு செய்யும்.

அங்ஙனமாயின், பளு அத்தட்டை நசுக்கிவிடாதோ? சடுகுடு ஆடும் சிறுவன் துள்ளிக் குதித்து நிலத்தில் ஊன்றும்போது, அவன் எடையினும் பன்மடங்கு விசை அவன் கால்களைத் தாக்குகின்றது. அவனைக் குள்ளனாவாய் என்று எவரும் தடுப்பதில்லை! அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, முறையான வலிமைப் பயிற்சியால் உயர வளர்ச்சிக்கோ வளர்ச்சித் தட்டுக்கோ கேடு விளைந்ததாகத் தெரியவில்லை என்று உரைக்கின்றது.

பின்னர் இந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது? துருக்கி நாட்டு நயிம் சுலைமானோலு 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் பொற்பதக்கம் வென்றவர். அவர் உயரமோ 147 சென்டிமீட்டரே. அதனைக் கண்டார், பளுவே அவரைக் குறுக்கியது என்பர். உண்மை வேறு. கைகால் குறுகியவர் பளுவை உயர்த்தும் தொலைவு குறைவு; ஆதலின் தம் எடைப்பிரிவில் அவர்க்கு வெற்றி எளிதாகின்றது. எடை வரம்பில்லாப் பிரிவில் வென்ற ஜார்ஜிய நாட்டு லாஷா தலகாட்சேயின் உயரம் 197 சென்டிமீட்டர். கூடைப்பந்தாட்டக்காரர் நெடியராயிருத்தல் கண்டு, பந்தே அவரை நீட்டியது எனல் பொருந்துமோ? செங்கல்லும் மண்ணும் சுமக்கும் ஏழைச் சிறார் குறுகியிருத்தலைச் சான்றாகக் காட்டுவாரும் உளர். அவர் தலைமேலுள்ள கூடையைக் காண்பவர் அவர் வயிற்றின் பசியைக் காண்பதில்லை. நெடுநாட் பசி வளர்ச்சியைக் குறைக்கும் என்பது ஐயமற அறிந்த செய்தி.

இனி, பகலெல்லாம் நின்றும் நடந்தும் சுமந்தும் வருபவன் மாலையில் அளந்து பார்ப்பின் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்திருப்பான். முதுகெலும்புகளின் இடையேயுள்ள வட்டுகள் அழுந்துவதே காரணம். இரவு உறங்கி எழ, அது மீண்டுவிடும்.

எனினும் தீங்கே இல்லை என்று கூறுதற்கில்லை. வளர்ச்சித் தட்டு முதிர்ந்த எலும்பினும் வலிகுன்றியது. ஆசிரியர் துணையின்றித் தாங்கொணாப் பளுவை ஒரே மூச்சில் தூக்க முயன்று அதனை முறித்துக்கொண்டால், அவ்வெலும்பு ஒன்று குறுகவும் கோணவும் கூடும். தென்மாவட்டச் சிற்றூர்களில் இளைஞர் தோளேற்றும் உருண்டைக் கல்லை இளவட்டக்கல் என்பர். அது யாருக்குரியது என்பதை அதன் பெயரே காட்டும். சிறுவர்கல் என்று எவரும் பெயரிட்டிலர். வளரும் பருவத்தார் சிறு பளுவைப் பன்முறை எடுத்து, நிற்கும் முறையையும் தூக்கும் முறையையும் முதலிற் பழகுதலே நெறி.

உயரத்தைக் குறைக்கும் மெய்யான பகை ஒன்று உண்டு. விரைவில் தசை திரளும் என்று ஆசைகாட்டிச் சிலர் இளைஞர்க்கு விற்கும் ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையுமே அது. ஆண்மை ஹார்மோனைப் போன்ற இம்மருந்துகள் வளர்ச்சித் தட்டை உரிய காலத்திற்கு முன்னரே எலும்பாக்கிவிடும். மூடிய தட்டை மீண்டும் திறக்கவல்ல மருந்து எதுவும் இல்லை.