சாலையை எவ்விடத்தில் கடப்பது?

கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தீட்டிய கடக்குமிடங்களை நகரத்துச் சாலைகளில் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். வரிக்குதிரையின் பெயரால் வழங்கும் இம்முறை 1951-ஆம் ஆண்டில் பிரிட்டனில் சட்டபூர்வமாக நடைமுறைக்கு வந்து, பின்னர்ப் பல நாடுகளிலும் பரவியது. பட்டை தீட்டுவது எளிய வேலை. எவ்விடத்தில் தீட்டுவது என்பதே கடினமான வினா. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. ஆதலின் இவ்வினா பொறியியலாளர்க்கு மட்டும் உரியதன்று.

அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஒரு மணி நேரத்தில் சாலையைக் கடப்போரின் தொகையை, அதே நேரத்தில் ஓடும் வண்டிகளின் தொகையினது வர்க்கத்தால் பெருக்குவர். நடுத்திட்டு இல்லாத சாலையில் விடை பத்துக் கோடியைத் தாண்டினால் கடக்குமிடம் தேவை என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட நெறிமுறை கண்ட அளவு. மணிக்கு 1,000 வண்டிகள் ஓடும் சாலையை 100 பேர் கடந்தால் இவ்வெல்லையை எட்டுகிறோம்.

பெருக்கலில் பிழையில்லை, எண்ணப்படுவோரில்தான் குறை. வண்டிகளின் வேகத்துக்கு அஞ்சி வீட்டோடு தங்கிவிடும் முதியவரும், எதிர்ப்புறத்துப் பள்ளிக்குத் தந்தையின் ஸ்கூட்டரில் போய்ச் சேரும் சிறுமியும் இக்கணக்கில் வருவதில்லை. சாலை எவ்வளவுக்கெவ்வளவு அபாயமானதோ அவ்வளவுக்கவ்வளவு கடப்போர் குறைவர். கடக்குமிடம் வேண்டியதில்லை என்ற முடிவும் எளிதிற் கிட்டிவிடும்! ஆகவே ஆட்களை எண்ணுமுன், அவர்கள் எங்கிருந்து எங்குச் செல்ல விரும்புகின்றனர் என்பதை ஆராய வேண்டும். பள்ளி, மருத்துவமனை, சந்தை, ரயில் நிலையம் ஆகியவற்றின் வாயில்களே இதற்கு விடை கூறும்.

பேருந்து நிறுத்தத்தில் இன்னும் சற்றுக் கவனம் தேவை. இறங்கியவர் பேருந்தின் முன்புறமாகக் கடக்க முற்பட்டால், அதை முந்திவரும் வண்டியோட்டிக்கு அவர் கடைசிக் கணத்தில்தான் புலப்படுவார். கடக்குமிடம் நிறுத்தத்துக்குப் பின்புறம் அமையுமாயின், பேருந்து இவர்களை மறைப்பதில்லை. சாலை வளைவுகளையும், கார்களை வரிசையாக நிறுத்தும் இடங்களையும் இதே காரணத்தால் தவிர்த்தல் நலம்.

மேம்பாலம் கட்டிவிட்டோமே என்பாரும் உளர். லாரிகள் அடியிற் செல்ல ஐந்தரை மீட்டர் உயரம் வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ நாற்பது படிகள் ஏறி, நாற்பது படிகள் இறங்க வேண்டும். மூட்டுவலிக்காரரும், தலைச்சுமைக்காரரும், கைக்குழந்தையுடன் வரும் தாயும் கீழேயே கடக்கின்றனர். இதை ஒழுங்கீனம் என்று கடிந்துகொள்வது நமக்கு நியாயமாகப் படவில்லை. ரயில் நிலையத்து மேடையிலிருந்தே நேராகச் செல்லும் பாலமாயின், அங்கே ஏறும் சிரமம் குறைவு. அது வேறு கதை.

இனி அகலம். 14 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 நொடிகளில் கடப்பார், 0.8 மீட்டரே நடக்கும் முதியவர்க்கு 17 நொடிகளுக்கு மேல் ஆகும். அதற்குள், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 240 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு தூரம் வெற்றிடம் கிடைக்க அவர் எவ்வளவு நேரம் காத்து நிற்பது? நடுவே ஒரு திட்டு அமைத்துவிட்டால், ஒரு தடவையில் ஒரு பக்கத்து வண்டிகளைப் பார்த்தாற் போதும். வேண்டிய இடைவெளியும் பாதியாகிவிடுகிறது.

வண்டிகள் வேகம் குறைக்காத இடங்களில், கடக்குமிடத்தையே நடைபாதையின் மட்டத்துக்கு மேடைபோல் உயர்த்துவது சிறந்தது. வண்டி தானே தணிந்து வரும். சக்கர நாற்காலியும் இறங்கி ஏறாமற் செல்லும். ஆனால் ஓரங்களில் மழைநீர் வடிய வழிவிட மறந்தால், முதல் மழையிலேயே மக்கள் தேங்கிய நீரைச் சுற்றிக்கொண்டு வேறிடத்தில் கடக்கத் தொடங்கிவிடுவர்.