குழியின் அளவும் முகத்தின் படமும்

ஏரியிலும் வாய்க்காலிலும் மண் வெட்டியவருக்குக் கூலி கணக்கிட அன்று ஓர் அளவு நாடா போதுமானதாக இருந்தது. குழியின் நடுவே சிறு மண்திட்டு ஒன்றை வெட்டாமல் விட்டிருப்பார்கள்; தரை முதலில் எந்த மட்டத்தில் இருந்தது என்பதை அது சொல்லும். ஓவர்சியர் வந்து நீளம், அகலம், ஆழம் பார்த்து அளவுப் புத்தகத்தில் எழுதுவார். வெட்டியவர் இடையில் எத்தனை முறை நிழலில் உட்கார்ந்தார் என்று கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

அந்த அளவில் கொடுமையும் உண்டு. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அந்தப் பஞ்ச காலத்தில் ஓர் ஆணின் முழுநாள் உழைப்புக்குப் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று பாராமல் வேலையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

2006இல் ஊரக வேலை உறுதித் திட்டமான நூறு நாள் வேலை வந்தபோது இந்தக் குறை ஓரளவு சரிசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் நாள் கூலி அப்போது 80 ரூபாய். 2024-25இல் 319 ரூபாய். ஒப்பந்தக்காரர் கூடாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அதற்கான சட்டம் சொன்னது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருபவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கும் மேல் பெண்கள்தான். ஒரு மணி நேர ஓய்வையும் சேர்த்து எட்டு மணி நேரம் உழைப்பவர் முழுக் கூலி பெறும்படி வேலையின் அளவை வகுக்க வேண்டும், முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் தனி அளவு வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது. சுக்கான் மண்ணை வெட்டுவதும் ஈர வண்டலை வெட்டுவதும் ஒன்றல்ல என்பது மண்வெட்டி பிடித்த எவருக்கும் தெரியும். அளவை நியாயமாக வகுத்துவிட்டால், வெயில் ஏறுமுன் வேலையை முடித்தவர் வீட்டுக்குப் போகலாம்; ஆடு மாடு பார்க்கலாம், பிள்ளைக்குச் சோறு போடலாம். எனக்கு அந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இந்தச் சுதந்திரம்தான்.

2023 ஜனவரி முதல் பணித்தளங்களில் கைப்பேசிச் செயலி வழியாகத்தான் வருகைப் பதிவு. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். இடமும் நேரமும் அதில் பதிவாகும். வராதவர் பெயரைப் பட்டியலில் எழுதிப் பணம் எடுத்த பழைய மோசடியைத் தடுக்கவே இது வந்தது. அந்த மோசடி உண்மையானது, அதைத் தடுக்க நினைத்ததும் சரி. அளவெடுப்பதும் நின்றுவிடவில்லை. ஆனால் இப்போது பதினொரு மணிக்கு வேலையை முடித்த பெண்ணும் இரண்டாவது படத்துக்காகக் காத்திருக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரில், வேலை செய்தும் வருகை பதிவாகாமல் போகிறது. மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சாலையில் போகிறவர்கள் குறை சொல்வதும் இந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தான்.

படம் முகத்தைக் காட்டும், குழியைக் காட்டாது. பொருந்தாத படங்களும், ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படம்பிடித்தவையும் செயலியில் ஏறியிருப்பதை 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. அதற்கு அது சொன்ன வழி, ஊராட்சி மட்டத்தில் எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. படங்களைப் பார்க்க ஒதுக்கும் அந்த நேரத்தில், ஊராட்சியில் ஒருவர் நாடாவோடு ஏரிக்குள் இறங்கி அன்று வெட்டிய குழிகளை அளந்துவிடலாம். எந்த மண், எவ்வளவு தூரம் சுமந்தார்கள், வெட்டியவருக்கு வயது என்ன என்று அங்கேயே கேட்டு எழுதியும் விடலாம்.